தோற்ற பிறகும் ஒரு குஸ்தி பாக்கி இருக்கலாம்

மல்யுத்தப் போட்டிகளில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. முதல் சுற்றில் தோற்ற பையன் ஷூவைக் கழற்றி, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு கேலரியில் சாய்ந்திருப்பான். அவனை வீழ்த்தியவன் ஃபைனலுக்குப் போனதும் ரெபசாஜுக்கு (ஃபைனலுக்குப் போனவர்களிடம் தோற்றவர்களுக்கு வெண்கலத்துக்காகக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு) இவன் பெயரைக் கூப்பிடுவார்கள். உடம்பு ஆறிப்போயிருக்கும், மனசு எப்போதோ பஸ் ஏறியிருக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் யோகேஷ்வர் தத்தும் 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் சாக்‌ஷி மாலிக்கும் வெண்கலம் வாங்கியது இந்த ரெபசாஜ் வழியாகத்தான். சாக்‌ஷி கடைசிக் குஸ்தியில் 0-5 என்று பின்தங்கி, 8-5 என்று ஜெயித்தார்.

தோற்றபின் மறுபடி இறங்க மனசு வருமா என்பது, பிள்ளை தன்னை எதை வைத்து அளக்கிறான் என்பதைப் பொறுத்தது. "அவனை ஜெயிக்கணும்" என்று அடுத்தவனை வைத்துத் தன்னை அளப்பது ஒரு வகை. "போன வாரம் வராத பிடி இன்னைக்கு வந்துச்சா" என்று பார்ப்பது இன்னொரு வகை. ஒரே பிள்ளையிடம் இரண்டும் இருக்கலாம், தப்பில்லை. முதல் அளவுகோல் மட்டுமே உள்ளவன், தன் திறமையில் சந்தேகம் வரும் நாளில் உடைகிறான். ஸ்பாரிங்குக்கு (பயிற்சி மோதலுக்கு) எளிய ஆளாகத் தேடுவான். திடீரென்று முழங்கால் வலிக்கும் (நிஜ வலியா என்று முதலில் பார்த்துவிடுங்கள்). போட்டி விரிப்பில் எதிராளியின் காலைப் பிடிக்கப் பாயவே மாட்டான். ஃப்ரீஸ்டைலில் (காலையும் பிடிக்கலாம் என்ற மல்யுத்த வகை) அப்படி ஒதுங்கி நின்றாலும் நஷ்டம்தான்: நடுவர் முதலில் எச்சரிப்பார், மறுபடியும் ஒதுங்கினால் 30 விநாடிக் கெடு. அதற்குள் யாரும் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு 1 புள்ளி.

17 வயதுக்குட்பட்டோருக்கு 2 நிமிடம் வீதம் இரண்டு பீரியட். "முதல் பீரியடில் மூணு தடவை சிங்கிள் லெக் போ" (எதிராளியின் ஒரு காலைப் பிடிக்கப் பாய்வது) என்பது போதுமான இலக்கு. எத்தனை டேக்டவுன் (எதிராளியைக் கீழே கொண்டுவந்து அடக்குவது) கிடைத்தது என்று எண்ண வேண்டாம். அதில் பாதி எதிராளியின் கையில். காலுக்குப் போனபோது உங்கள் பையனின் தலை நிமிர்ந்து எதிராளியின் விலாவோடு ஒட்டியிருந்ததா என்று பாருங்கள். தலை தொங்கினால் எதிராளி ஸ்ப்ரால் போட்டு (கால்களைப் பின்னால் வீசி மேலே சாய்ந்து) அமுக்கி, பின்னால் சுற்றி வந்து 2 புள்ளி எடுத்துவிடுவான். பயிற்சியில் காலைப் பிடித்த நிலையிலிருந்தே தொடங்கி 30 விநாடி மோதவிடுங்கள். ஜோடியைப் பலசாலி, சமமானவன், இளையவன் என்று மாற்றிக்கொண்டே இருங்கள்.

தோற்று இறங்கியதும் பாடம் நடத்தாதீர்கள். அப்பாமார்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தண்ணீர், மேலே ஒரு ஜாக்கெட், வாழைப்பழம். அவனை வீழ்த்தியவன் ஃபைனலுக்குப் போகமாட்டான் என்று உறுதியாகும்வரை ஷூவைக் கழற்றவிட வேண்டாம். அழுகை அடங்கியபின் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எத்தனை தடவை காலுக்குப் போனே?"