அழகுக்கும் அழுகலுக்கும் நடுவே ஓர் உகரம்

பிடித்த சொல் எது என்று கேட்டால் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். ஏன் பிடிக்கும் என்று கேட்டால் யோசிப்பதே இல்லை. “கேட்கவே இனிமையாக இருக்கிறதே” என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்த வேகம்தான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. ஆனால் அந்தப் பதிலை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது.

‘மழலை’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். உதடுகள் மூடியிருக்க, ஒலி மூக்கு வழியாகக் கிளம்புகிறது. உதடு திறந்ததும் நாக்கின் நுனி பின்னோக்கி வளைந்து அண்ணத்தை நெருங்குகிறது, ஆனால் தொடுவதில்லை. அதுதான் ழகரம். பிறகு முன்னால் வந்து மேற்பல் ஈற்றை ஒட்டி லகரமாகிறது. காற்று நாக்கின் பக்கங்களில் நழுவிப்போகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை குரல் ஓரிடத்திலும் அறுபடவில்லை. அடுத்து ‘துடைப்பக்கட்டை’ என்று சொல்லுங்கள். ‘ப்ப’வில் உதடு அடைக்கிறது, ‘க்க’வில் நாக்கின் அடிப்பகுதி அடைக்கிறது, ‘ட்ட’வில் நாக்கின் நுனி அடைக்கிறது. ஒரே சொல்லுக்குள் மூன்று முறை மூச்சு முட்டி நின்று கிளம்புகிறது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பெயரிட்டவர்களின் காதில் விழுந்ததும் இந்த வேறுபாடுதான்.

ஒலிக்கு உருவம்கூட உண்டு. 1929-ல் உளவியலாளர் வுல்ஃப்காங் கோலர் உருண்டு திரண்ட ஓர் உருவத்தையும் முள்முள்ளான ஓர் உருவத்தையும் வைத்து, எது ‘டகெடெ’, எது ‘பலூபா’ என்று கேட்டார். பெரும்பாலோருக்கு முள் உருவம்தான் டகெடெ. 2001-ல் மூளை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பர்டும் இதையே ‘பூபா’, ‘கிகி’ என்று மாற்றி, அமெரிக்க மாணவர்களிடமும் தமிழ் பேசுவோரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். 95 சதவீதம் பேர் முள் உருவத்தைக் கிகி என்றதாக எழுதினார்கள். 2022-ல் வெளியான ஓர் ஆய்வு 25 மொழிகள் பேசும் 917 பேரிடம் கேட்டது. பொருத்தம் சராசரியாக 72 சதவீதமாகக் குறைந்தது. துருக்கி, ரோமேனிய, மாண்டரின் மொழிக்காரர்களிடம் அது எடுபடவே இல்லை.

காரணத்தின் ஒரு பகுதி வாயின் வடிவத்தில் இருக்கிறது. ‘இ’ என்னும்போது நாக்கு உயர்ந்து வாயின் முன்னறை சுருங்குகிறது. சிறிய அறையில் ஒலி கூர்மையாகிறது. ‘ஆ’வுக்கு அறை விரிகிறது. ஆகவே இகரம் சிறியதாகவும் ஆகாரம் பெரியதாகவும் தோன்றுகிறது. நம் ‘சிறிது’க்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ‘பெரிது’க்குள்ளும் ஓர் இகரம் உட்கார்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினால் மட்டும் அசடு வழிய வேண்டியிருக்கும்.

இனி ஒரு சோதனை. ‘அழகு’ என்று சொல்லுங்கள். அடுத்து ‘அழுகு’ என்று சொல்லுங்கள். அதே அகரம், அதே ழகரம், அதே குகரம். நடுவில் ஓர் உகரம் மட்டும் புதிது. நாக்கின் சுழிப்பிலும் மாற்றமில்லை. முதல் சொல் பலருடைய விருப்பப் பட்டியலில் இருக்கும். இரண்டாவதை யாரும் ‘கேட்க இனிமை’ என்று சொல்லிக் கேட்டதில்லை. இன்னும் கொடுமை ‘மலர்’, ‘மலம்’. இரண்டாவது சொல்லில்தான் மெல்லினம் அதிகம்! இனிமை ஒலியில் மட்டும் இருந்திருந்தால் மலருக்கு முன்னால் அது நின்றிருக்க வேண்டும்.

வெறுப்பை ஆராய்ந்தவர்கள் இதைத் தெளிவாகவே பார்த்துவிட்டார்கள். ஈரம் என்ற பொருளுடைய ‘மாய்ஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு கூட்டம் அருவருக்கிறது. 2016-ல் உளவியலாளர் பால் திபொடோ வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வரை அப்படி இருந்தார்கள். அந்த ஒலியே குமட்டுகிறது என்று பலர் காரணம் சொன்னார்கள். ஆனால் அதே போல ஒலிக்கும் ‘ஹாய்ஸ்ட்’, ‘ஃபாய்ஸ்ட்’ அவர்களை ஒன்றும் செய்யவில்லை. சளி, வாந்தி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள்தான் அதே அளவுக்குத் தொல்லை தந்தன. உடலின் கசிவு பற்றிய கூச்சம் பொருளிலிருந்து வழிந்து ஒலிமேல் ஏறிக்கொண்டுவிட்டது; பழியும் ஒலிக்கே போனது. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்கிறது தொல்காப்பியம். சொல்லின் பொருளுக்கான காரணம் சட்டென்று கண்ணுக்குப் படாது என்பது அதன் கருத்து. சொல்லைப் பிடித்துப்போகும் காரணத்துக்கும் அதை நீட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சில நேரம் பொருள்கூட வேண்டியதில்லை. உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1960களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகனில் இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர் நாளிதழ்களில் ‘நன்சோமா’ போன்ற, துருக்கி மொழிபோல் ஒலிக்கும் சொற்களை எந்த விளக்கமும் இல்லாமல் அச்சிடச் செய்தார். சில சொற்கள் ஒரே ஒரு முறை வந்தன, சில 25 முறை. ஒரு வளாகத்தில் அடிக்கடி வந்தது மற்றதில் அரிதாக வந்தது. பிறகு எந்தச் சொல் நல்லதைக் குறிக்கும் என்று கேட்டபோது, இரண்டு இடத்திலும் அடிக்கடி கண்ணில் பட்டதே நல்லதாகத் தெரிந்தது. பழகிய ஒன்றை மூளை சிரமமின்றி வாசிக்கிறது. அந்த இலகுவை இனிமை என்று எடுத்துக்கொள்கிறது. பெல்ஜிய உளவியலாளர் யோசெஃப் நுட்டின் 1985-ல் காட்டியதும் இதற்கு உறவுதான்: தம் பெயரில் உள்ள எழுத்துகளை மற்ற எழுத்துகளைவிட மக்கள் அதிகம் விரும்புகிறார்கள், தாங்களே அறியாமல்.

2004-ல் பிரிட்டிஷ் கவுன்சில், ஆங்கிலம் தாய்மொழியல்லாத 102 நாடுகளில் 40,000 பேரிடம் மிக அழகான ஆங்கிலச் சொல்லைக் கேட்டது. ‘மதர்’ முதலிடம் பெற்றது. ‘ஃபாதர்’ 70 சொற்கள் கொண்ட பட்டியலிலேயே இல்லை! இரண்டுக்கும் ஒலியில் எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள்.

அதே ஆண்டு ஜெர்மனியில் மிக அழகான ஜெர்மன் சொல்லுக்காக நடந்த போட்டியில் வென்ற சொல் இன்னும் சுவையானது: ‘ஹாப்ஸேலிக்கைட்டன்’. ஒருவருடைய எளிய உடைமைகள், ஏறக்குறைய நம் தட்டுமுட்டுச் சாமான். பரிந்துரைத்தவர், உடைமையைக் குறிக்கும் சொல்லும் பேரின்பத்தைக் குறிக்கும் சொல்லும் இதில் கைகோத்திருப்பதாகக் காரணம் எழுதினார். சொல்லின் உண்மையான பிறப்பில் பேரின்பத்துக்கு இடமே இல்லை. ‘ஹாப்ஸால்’ என்ற பழஞ்சொல்லுக்குப் பின்னால் விகுதிகள் சேர்ந்து வந்தது அது. காரணம் தப்பு. அதனால் அந்தச் சொல்மேல் அவருக்கு இருந்த ஆசை பொய்யாகிவிடுமா என்ன?

எனக்குப் பிடித்தது ‘ஊஞ்சல்’. நடுவில் வரும் ‘ஞ்ச’ முன்னும் பின்னும் ஆடுகிறது என்று இத்தனை நாளும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லை விடாமல் திரும்பத் திரும்பச் சொன்னால் பொருள் கொஞ்ச நேரத்துக்கு உதிர்ந்து, ஒலி மட்டும் மிஞ்சும் என்பது உளவியலாளர்களுக்குத் தெரிந்த செய்தி. இந்தக் கட்டுரைக்காக நாற்பது முறை சொன்னேன். முப்பதைத் தாண்டியபோது ‘சலூஞ்சலூஞ்’ என்று ஏதோ வாய்க்குள் உருண்டது. அதே ஞ்ச இருந்தது. ஆட்டம் எதையும் காணோம். தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை சொன்னேன்; மறுபடியும் ஆடியது.