வூவ்ரே என்ற பெயரை மட்டும் பார்த்து ஒயின் ஊற்றாதீர்கள்

நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் ஒரு வாடிக்கையாளர், இனிப்பே இல்லாத வெள்ளை ஒயின் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியும், அவருடைய மேசைக்கு, பிரான்சின் லுவார் ஆற்றங்கரை வெள்ளை ஒயினான வூவ்ரேயில் இனிப்பான வகை போயிருக்கிறது. பாதிக் கிளாஸ் முடிந்த பிறகுதான் அவருக்கே சந்தேகம் வந்தது. நன்றாகக் குளிர்ந்த ஒயினில், அதிலும் புளிப்பு தூக்கலாக உள்ள ஷெனான் திராட்சையின் ஒயினில், நாக்கு இனிப்பை உடனே பிடிப்பதில்லை. பரிமாறிய தம்பியைக் கேட்டால், "வூவ்ரே இனிக்காதே அண்ணா, போன வாரம்கூட ருசி பார்த்தேனே" என்கிறார். பாரிஸ் உணவகங்களில் ஒயின் பரிமாறிவரும் நான் இந்தப் பதிலை இதற்கு மேலும் கேட்டுக்கொண்டிருக்க விரும்பவில்லை.

லுவார், பிரான்சின் மிக நீளமான ஆறு. கடலை ஒட்டிய நாந்த் பக்கம் மஸ்கடே, நடுவே ஆன்ஜூவிலும் தூரேனிலும் ஷெனானின் வெள்ளை ஒயின்களும் கபர்னே ஃபிரான் திராட்சையின் சிவப்பு ஒயின்களும், கிழக்கே சான்செரில் சோவின்யோன் திராட்சையின் வெள்ளை ஒயினும் என்று, ஊருக்கு ஊர் ஒயின் மாறுகிறது. மஸ்கடேயை மஸ்கட் திராட்சையின் இனிப்பு ஒயின் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மெலோன் திராட்சையில் செய்யப்படும் இனிப்பற்ற ஒயின்.

வூவ்ரேதான் ஆளைக் கவிழ்க்கிறது. வூவ்ரே ஓர் ஊரின் பெயர். அது இனிப்பின் அளவைச் சொல்லாது. ஒரே தோட்டத்தில், ஒரே ஷெனானில், குளிர்ந்த ஆண்டில் இனிப்பற்ற ஒயினோ நுரைக்கும் ஒயினோ செய்யும் அதே விவசாயி, இலையுதிர்காலம் வெயிலோடு நீண்டால், பழம் முற்றிச் சுருங்கும்வரை காத்திருந்து, பலமுறை பொறுக்கிப் பறித்து இனிப்பு ஒயின் செய்கிறார். போன வாரம் குடித்த புட்டி இன்றைய புட்டிக்குச் சாட்சி ஆகாது.

இனிப்பைச் சொல்வது புட்டியில் அச்சிட்ட சொல்தான். நுரைக்காத ஒயினில் 'செக்' (இனிப்பற்றது) என்றால் லிட்டருக்குப் பொதுவாக 4 கிராம் சர்க்கரை வரை, புளிப்பு அதிகமிருந்தால் 9 வரை. 'டெமி-செக்' (ஓரளவு இனிப்பு) 12 வரை, புளிப்பு அதிகமிருந்தால் 18 வரை. 'முவாலே' (இனிப்பு) 45 வரை. அதற்கு மேல் 'டூ' (மிக இனிப்பு). நுரைக்கும் ஒயினிலோ இதே 'செக்' 17 முதல் 32 கிராம், 'டெமி-செக்' 32 முதல் 50 கிராம். அங்கே இனிப்புக் குறைவாக வேண்டுவோர் 'ப்ரூட்' கேட்க வேண்டும். நுரைக்காத புட்டிகள் எல்லாவற்றிலும் இந்தச் சொற்களை அச்சிடுவது கட்டாயமும் இல்லை.

ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினிலும் இதே தொல்லை உண்டு. 'ரோஸே த லுவார்' இனிக்காது. 'ரோஸே தான்ஜூ' இனிக்கும். 'கபர்னே தான்ஜூ' சிவப்பு ஒயினே அல்ல, அதுவும் இனிக்கும் ரோஸேதான்.

தம்பி, தங்கைகளே, ஊற்றும் முன் புட்டியின் இரு பக்கமும் படியுங்கள். சொல் எதுவும் இல்லையென்றால் ஒயின் பொறுப்பாளரிடம் கேளுங்கள், தெரியாமல் தலையாட்டாதீர்கள். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையுள்ள, ஆன்ஜூ பக்கத்து லெயோன் இனிப்பு ஒயினில் 125 மில்லி ஊற்றினால், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை ஊற்றுகிறீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'செக்' கிடைத்துவிட்டது என்பதற்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால், ஆல்கஹாலே சில மணி நேரம் கழித்தும் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். குடிக்கலாமா, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டுவிட்டு வாருங்கள். எங்களிடமும் நோயை மறைக்காமல் சொல்லுங்கள்.