ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: சொல்லும், இளவயதில் அதன் மரபணுப் பின்னணியும்

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய்களில் அதிகம் காணப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஆஸ்பத்திரியில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, ‘ஏ.எஃப்.’ தான். வயதானவர்களின் நோய் என்று பெயர் வாங்கியது, ஆனால் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்களுக்கும் வருகிறது. ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, வால்வு பழுதில்லை, தைராய்டும் சரி, அப்புறம் ஏன்? இந்தக் கேள்விக்கு இப்போது ஓரளவாவது பதில் தருவது மரபணு ஆய்வு. அந்தப் பதிலைத் தமிழில் சொல்ல நான்கைந்து சொற்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபிப்ரிலேஷன் லத்தீன் வழி வந்த சொல். ‘ஃபைப்ரா’ என்றால் நார். அதன் குறுமை வடிவம் ‘ஃபைப்ரில்லா’, அதாவது சின்னஞ்சிறு நார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹோஃபாவும் கார்ல் லுட்விக்கும் விலங்கின் இதயத்தில் மின்சாரம் பாய்ச்சியபோது, அது சுருங்கி விரிவதை விட்டுக் கண்டபடி நெளிவதைப் பார்த்தார்கள். 1874-ல் பிரெஞ்சு உடலியலாளர் வுல்பியான் அந்த அசைவுக்கு நாரை வைத்தே பெயரிட்டார். பொருத்தமான பெயர்தான். தசை முழுவதும் சேர்ந்து சுருங்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு நார்க்கற்றையும் தன் போக்கில் சுருங்குகிறது. அசைவுக்குக் குறைவில்லை, ரத்தம்தான் நகர்வதில்லை. இதயத்தின் கீழறையில் இப்படி நடந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். மேலறையில், அதாவது ஏட்ரியத்தில், நடந்தால் ஆண்டுக்கணக்கில்கூட ஓட்டலாம். சிலருக்குத் தெரியவே தெரியாது.

இயல்பான இதயத்தில் வலது மேலறையிலுள்ள ஒரு சிறு முடிச்சு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டல் அனுப்புகிறது. ஏ.எஃப். வந்தவரின் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 தூண்டல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் இன்னொரு முடிச்சு அத்தனையையும் கீழே விடாது. சிலவற்றை மட்டும், எந்தக் கணக்கும் இல்லாமல் விடும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் ஒரு துடிப்பு, ஒட்டினாற்போல் இன்னொன்று, பிறகு ஒரு நீண்ட இடைவெளி, பிறகு அடுக்கடுக்காக மூன்று. ஒன்று பலமாக இருக்கும், இன்னொன்று விரலுக்கே எட்டாது. நான்குக்கு ஒன்று தவறும் நாடியில்கூட ஓர் ஒழுங்கு உண்டு. இதில் அதுவும் கிடையாது. இ.சி.ஜி. தாளில், ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வர வேண்டிய ‘பி’ அலை என்ற சின்ன மேடு காணாமல் போய், அந்த இடத்தில் கோடு நெளிந்து நெளிந்து ஓடும்.

இப்படிப்பட்ட நாடியைப் பழைய மருத்துவர்கள் ‘டெலிரியம் கார்டிஸ்’ என்றார்கள், இதயத்தின் பிதற்றல். (டெலிரியம் என்ற சொல்லின் வேர் உழவில் இருக்கிறது: ஏர் உழவுச்சாலை விட்டு விலகுவது.) நோயாளியின் நாடியில் தெரியும் இந்தப் பிதற்றலும், ஆய்வகத்தில் பார்த்த நார்களின் நடுக்கமும் ஒன்றுதான் என்று 1909-ல்தான் உறுதியானது. லண்டனில் தாமஸ் லூயிஸும், வியன்னாவில் ரோத்பெர்கரும் விண்டர்பெர்கும் இ.சி.ஜி.யைக் கொண்டு அதைக் காட்டினார்கள். அதே 1909-ல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சென் ‘ஜீன்’ என்ற சொல்லை உருவாக்கினார். இரண்டு சொற்களும் ஒரே கட்டுரையில் சந்திக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஏட்ரியம் என்பது ரோமானிய வீட்டில் கூரை திறந்த நடுக்கூடம், நம் ஊர்ப் பழைய வீடுகளின் முற்றம் மாதிரி. உடலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வரும் ரத்தம் முதலில் நுழையும் அறை என்பதால் இதயத்தின் மேலறைக்கு அந்தப் பெயர் பொருந்தியது. அதற்கு முன்பு புழங்கிய சொல் ஆரிக்கிள், பொருள் ‘சின்னக் காது’. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆரிக்கிள், ஏட்ரியம் என்று ஒலிபெயர்த்துக்கொண்டன. இலங்கைப் பாடநூல்களோ ‘சோணையறை’ என்கின்றன. சோணை என்பது காதுமடல், ஆக ஆரிக்கிளின் நேர்ப்பொருள் அங்கே தமிழிலேயே வந்துவிட்டது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், ஆனால் அறை முழுவதற்கும் அதைக் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போலவே தொங்கும் ஒரு சிறு பை இருக்கிறது. வால்வுக் கோளாறு இல்லாத ஏ.எஃப். நோயாளிகளுக்கு ரத்தக் கட்டி பெரும்பாலும் அந்தப் பையில்தான் உறைகிறது. அங்கிருந்து கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். சோணை என்ற பெயர் அந்தப் பைக்கு அப்படியே பொருந்தும். அதனால் அறையை ‘மேலறை’ என்றும், பையை ‘மேலறைச் சோணை’ என்றும் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது ஃபிப்ரிலேஷனுக்கான சொல். ‘துடிப்பு’ என்பதை இயல்பான இதய இயக்கத்துக்கே கொடுத்துவிட்டோம். ‘படபடப்பு’ நோயாளி உணரும் அறிகுறி. ‘நடுக்கம்’ கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் கைநடுக்கத்துக்கு ஒரு சீரான வேகம் உண்டு, இதற்கு இல்லை. ‘உதறல்’ பேச்சில் நன்றாக இருக்கிறது. எழுத்தில் பயத்தோடு சேர்ந்துவிடுகிறது. ‘குறுநடுக்கம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஃபைப்ரில்லாவில் இருக்கும் சிறுமைப் பொருளை அந்தக் ‘குறு’ காப்பாற்றுகிறது. நார் விடுபட்டாலும் பரவாயில்லை என்று நான் அதையே எடுத்துக்கொள்கிறேன்: மேலறைக் குறுநடுக்கம். முதல் முறை இப்படி எழுதிவிட்டு, பிறகு ஏ.எஃப். என்று தொடர்ந்தால் படிப்பவருக்கும் சிரமம் இருக்காது. துடிப்பு ஒழுங்கு தவறும் நோய்களின் பொதுப்பெயரான அரித்மியாவுக்குக் கவலையே வேண்டாம். கிரேக்க ‘ரித்மோஸ்’ இல்லாத நிலை அது. சீர் என்பது ஒழுங்கையும் குறிக்கும், செய்யுளின் உறுப்பையும் குறிக்கும். ‘துடிப்புச் சீரின்மை’ மூலச்சொல்லுக்குக் குறையாத சொல்.

இளவயதுக்காரர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பழைய சொல் குறுக்கே வரும்: ‘லோன் ஏ.எஃப்.’ 1954-ல் எவன்ஸ், ஸ்வான் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதிய கட்டுரையால் நிலைபெற்ற பெயர். வேறு எந்த இதய நோயும் இல்லாமல் தனியாக வந்த ஏ.எஃப். என்பது பொருள். அறுபது வயதுக்குட்பட்டவர், எல்லாப் பரிசோதனையும் இயல்பு என்றால் இந்த முத்திரையைக் குத்துவது வழக்கமாக இருந்தது. ‘தனித்த’ என்று மொழிபெயர்த்தால் ஏதோ தனி நோய்வகை போலத் தோன்றும். உண்மையில் அது ‘தேடினோம், கிடைக்கவில்லை’ என்பதன் மரியாதையான வடிவம். இன்றைய அமெரிக்க வழிகாட்டு நெறிகள் சிகிச்சையை முடிவு செய்ய அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன.

குடும்பத் தொடர்பின் தடயம் எவன்ஸுக்கு முன்பே இருந்தது. 1943-ல் லூயிஸ் வுல்ஃப் மூன்று சகோதரர்களுக்கு ஏ.எஃப். இருந்ததைப் பதிவு செய்தார். அதற்கான மரபணு கையில் சிக்கியது 2003-ல், சீனாவில் தலைமுறை தலைமுறையாக இந்நோய் வந்த ஒரு குடும்பத்தில். கே.சி.என்.கியூ.1 என்ற அந்த மரபணு, இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயிலை அமைப்பது. அந்தக் குடும்பத்தில் வாயில் அளவுக்கு மீறித் திறந்தது. ஒவ்வொரு தூண்டலுக்குப் பிறகும் செல் சீக்கிரமே தயாராகிவிட, குறுக்கே ஓடும் அலைகளுக்கு வழி கிடைத்தது. இதே மரபணுவின் வேலை குறைந்துபோனால் வருவது வேறு நோய், நீண்ட கியூ.டி. நோய்த்தொகுதி: ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் செல் மீண்டும் தயாராக அதிக நேரம் எடுக்கும் நிலை.

அப்புறம் 2007-ல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் நான்காவது குரோமோசோமில், பி.ஐ.டி.எக்ஸ்.2 மரபணுவுக்கு அருகில் ஓரிடத்தைக் கண்டார்கள். இது குடும்பத்துக்குக் குடும்பம் ஓடும் அரிய பிழை அல்ல, ஊரில் பலரிடம் இருக்கும் சாதாரண வேறுபாடு. கருவில் இதயத்தின் இடப்பக்கம் இடப்பக்கமாகவே அமையவும், நுரையீரல் சிரைகளைச் சுற்றிய இதயத்தசை உருவாகவும் வேலை செய்யும் மரபணு அது. ஏ.எஃப்.-ஐக் கிளப்பிவிடும் தூண்டல்கள் பெரும்பாலும் அந்தச் சிரைகளிலிருந்தே புறப்படுகின்றன என்று 1998-லேயே பிரான்சின் போர்தோவில் ஹைசாகேர் குழு காட்டியிருந்தது. இன்று இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் தெரியும். தனித்தனியாக ஒவ்வொன்றும் கூட்டும் இடர் கொஞ்சம்தான்.

ஆனால் இளவயதுக்காரர்களைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் டைட்டின். மனித உடலிலேயே மிகப் பெரிய புரதம் இது. அமினோ அமிலங்கள் மட்டும் ஏறத்தாழ 35,000. கிரேக்கப் புராணத்து ராட்சதர்களான டைட்டன்களின் பெயர்தான் இதற்கும். தசையின் அடிப்படை அலகில் நீண்டு, இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வேலை இதனுடையது. அதைக் குறைப்புரதமாக வெட்டிவிடும் மரபணு மாறுபாடு இருந்தால் இதயம் விரிந்து பலவீனமாகும் என்பது முன்பே தெரியும். 2018-ல் வெளியான ஆய்வு, இளமையில் ஏ.எஃப். வந்தவர்களிடம் இந்த மாறுபாடு ஏறக்குறைய 2 சதவீதம் பேருக்கு இருப்பதாகவும், 30 வயதுக்கு முன்பே வந்தவர்களில் அது 6.5 சதவீதம் என்றும் கண்டது. அதாவது இது மின்கோளாறு மட்டும் அல்ல. சிலருக்குத் தசைநோயின் முதல் அறிகுறியே ஏ.எஃப்.-ஆக இருக்கலாம். எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) இன்று இயல்பாக இருந்தாலும் சில ஆண்டுக்கொரு முறை திரும்ப எடுக்கச் சொல்வது இதனால்தான்.

‘ரிஸ்க் ஃபேக்டர்’ அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு, ஓர் ஊர் மக்களின் இதய நலத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 1961-ல் பரவலாக்கிய சொற்சேர்க்கை. தமிழில் ஆபத்துக் காரணி, இடர்க்காரணி இரண்டும் புழங்குகின்றன. எதை எழுதினாலும் சரி, காரணியைக் காரணமாக்கிவிடக் கூடாது. அதே ஃப்ராமிங்ஹாமில் 2004-ல் பார்த்தது: பெற்றோரில் ஒருவருக்கு ஏ.எஃப். இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிக்கிறது. இளவயதில் அடிப்படை வாய்ப்பே மிகக் குறைவு என்பதால் இரட்டித்தும் அது சிறிய எண்தான். நாளிதழில் ‘இதய நோய்க்குக் காரணமான மரபணு கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வரும்போது விடுபடுவது இந்தக் கணக்கு.

நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இளம் நோயாளிக்கு ஏ.எஃப். என்றால் இந்திய மருத்துவர் முதலில் தேடுவது மரபணுவை அல்ல, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் சுருக்கிவிட்டுப் போன மைட்ரல் வால்வை, அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வை. இந்திய ஏ.எஃப். நோயாளிகளின் பதிவேட்டில் பாதிக்குச் சற்றே குறைவானவர்களுக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது. அது இல்லை என்று தெரிந்த பிறகே மற்ற கேள்விகள்.

2023-ஆம் ஆண்டின் அமெரிக்க நெறி, 45 வயதுக்கு முன் வெளிப்படையான காரணம் இல்லாமல் ஏ.எஃப். வந்தால் மரபணு ஆலோசனையும் பரிசோதனையும் செய்வது நியாயமாக இருக்கலாம் என்கிறது. ‘கட்டாயம்’ என்று சொல்லவில்லை. அதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடியது குடும்பக் கதையைக் கேட்பது. சித்தப்பாவுக்குப் பேஸ்மேக்கர் எந்த வயதில் வைத்தார்கள், அத்தை மகன் தூக்கத்தில் இறந்தாரா, பாட்டிக்கு ‘இதயம் பெரிசாயிடுச்சு’ என்று சொன்னார்களா என்ற கேள்விகள் இவை.

பரிசோதனை செய்தால் அறிக்கையில் எதிர்ப்படும் கடைசிச் சொல் ‘வேரியன்ட்’. பள்ளியில் மியூட்டேஷனுக்குச் சடுதிமாற்றம், திடீர்மாற்றம் என்று படித்தோம், இலங்கையில் விகாரம். மூன்றுமே ஏதோ கெட்டுப்போனது போன்ற ஒலியோடு வருகின்றன. மரபணு மருத்துவர்கள் வேரியன்டுக்கு மாறியதும் அந்த ஒலியைத் தவிர்க்கத்தான். தமிழில் ‘மாறுபாடு’ போதும், முன்னால் ‘நோய்தரும்’ அல்லது ‘பொருள் தெளிவாகாத’ என்று சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் அதிகம் வரும். 66 வயதுக்கு முன் ஏ.எஃப். வந்த 1,293 பேரை ஆராய்ந்து 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோயோடு தொடர்புள்ள மாறுபாடு 10 சதவீதம் பேரிடம் இருந்தது. 30 வயதுக்குட்பட்டவர்களில் அது 16.8 சதவீதம். பொருள் தெளிவாகாத மாறுபாடோ 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்தது. அப்படி ஒன்று வந்தால் அதை வைத்துத் தம்பி தங்கைகளுக்குப் பரிசோதனை எடுக்க மாட்டார்கள். அறிக்கையைக் கோப்பில் வைத்துக்கொண்டு, சில ஆண்டு கழித்து அதே மாறுபாட்டின் வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று கேட்கச் சொல்வார்கள்.