காட்டுத்தீக்கான பணம் எந்த வழியில் போகிறது?

காட்டுத்தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் காற்றும் வெப்பமும் நிலத்தின் சரிவும் தீர்மானிக்கின்றன. ஆனால் எரிவதற்கு எவ்வளவு பொருள் காட்டில் குவிந்து கிடக்கிறது என்பதில், அரசு எந்த வேலைக்குப் பணம் கொடுத்தது, எதற்குக் கொடுக்கவில்லை என்பதற்கும் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இதைத் தெளிவாகக் காணலாம்.

1905-இல் உருவான அமெரிக்க வனத்துறை ஐந்தே ஆண்டுகளைக் கடந்திருந்த நிலையில், 1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டு நாட்களில் இடாஹோ, மொன்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயணைக்கச் சென்றவர்கள். அந்த அதிர்ச்சியில் வேரூன்றிய எண்ணம் 1935-இல் விதியாகவே ஆனது: தீ எங்கே தென்பட்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதற்குப் பணத்தட்டுப்பாடும் இல்லை. அவசரத் தீயணைப்புக்காக ஒதுக்கீட்டை மீறிச் செலவிட 1908-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இடமளித்திருந்தது. அணைப்பதற்குக் கணக்கில்லாத பணமும், முன்கூட்டித் தடுப்பதற்கு அளந்து கொடுத்த பணமும் இருந்தால், நிர்வாகம் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இதன் விளைவைப் பாண்டரோசா பைன் காடுகளில் பார்க்கலாம். முதிர்ந்த பாண்டரோசாவின் பட்டை தடித்தது. கீழ்க்கிளைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தவழ்ந்து செல்லும் சிறு தீ, சருகையும் இளங்கன்றுகளையும் தின்றுவிட்டுப் பெரிய மரங்களை விட்டுவைத்தது. அந்தச் சிறு தீயையும் விடாமல் அணைத்தபோது கன்றுகள் நெருங்கி வளர்ந்து, தரைத்தீ உச்சிக்கிளைகளுக்கு ஏறிச் செல்ல ஏணியாயின. உச்சிக்குப் போன தீயை எந்தப் படையாலும் எளிதில் நிறுத்த முடியாது. 1978-இல் காலை 10 மணி விதி கைவிடப்பட்டது. அதற்குள் பல தலைமுறை எரிபொருள் சேர்ந்துவிட்டிருந்தது.

பிற்காலத்தில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. அடுத்த ஆண்டின் தீயணைப்புச் செலவை, கடந்த 10 ஆண்டுகளின் சராசரியை வைத்தே துறை மதிப்பிட்டது. செலவு ஏறிக்கொண்டே போகும் காலத்தில் சராசரி எப்போதும் பின்தங்கியே நிற்கும். கோடையின் நடுவில் பணம் தீர்ந்ததும், புதர் நீக்குதல், சருகு சேராமல் சிறு தீயைத் திட்டமிட்டு மூட்டி எரித்தல் போன்ற தடுப்புப் பணிகளுக்கு வைத்திருந்த தொகையை எடுத்துத் தீயணைப்புக்குச் செலவிட்டார்கள். பிறகு அது திரும்பக் கிடைத்தாலும், எரிப்பதற்கு ஏற்ற ஈரமும் காற்றும் அமைந்த பருவம் கடந்துவிட்டிருக்கும். 1995-இல் வனத்துறை ஒதுக்கீட்டில் சுமார் 16 விழுக்காடாக இருந்த தீச்செலவு, 2015-இல் பாதியைத் தாண்டியது. 2018-இல் இயற்றப்பட்ட சட்டம், பேரிடர்களுக்குக் கொடுப்பதுபோல் தீயணைப்புக்கும் தனித்தொகை ஒன்றை ஏற்படுத்தியது. 2020 நிதியாண்டில் 225 கோடி டாலரில் தொடங்கி, 2027-இல் 295 கோடியாக உயரும் ஏற்பாடு அது. என் பார்வையில் இது அவசியமான கணக்குத் திருத்தம். ஆனால் மற்றப் பணிகளின் பணத்தைக் காப்பாற்றுவதோடு அது நின்றுவிடுகிறது.

ஏனெனில் ஊர்கள் எரிவது வேறொரு வழியில். வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹென் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் நடந்த சோதனைகளில், உச்சித்தீ எரியும் காட்டுக்கு எதிரே மரச்சுவர்களை நிறுத்தினார். 10 மீட்டர் தொலைவில் இருந்தவற்றில் சில பற்றிக்கொண்டன. 20 மீட்டருக்கு அப்பால் இருந்தவை பற்றவில்லை. ஆகவே பெரும்பாலான வீடுகளை எரிப்பது தழல்சுவர் அன்று, காற்றில் வரும் தீப்பொறிகள். கூரை நீர்க்கால்வாயில் காய்ந்து கிடக்கும் பைன் ஊசிகள், சுவரைத் தொட்டு நிற்கும் மரவேலி, பரணின் காற்றுத்துளை ஆகியவையே அவற்றுக்கு வாசல்கள். அந்தத் துளைக்கு மூன்று மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை போட்டாலே உள்ளே நுழையும் பொறி வெகுவாகக் குறையும். 2018-இல் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரமும் சுற்றுப்புறமும் எரிந்து 85 பேர் இறந்தபோது, பல இடங்களில் தரைமட்டமான வீடுகளின் பக்கத்திலேயே மரங்கள் பச்சையாக நின்றன.

ஆக, வீடு பற்றுமா என்பதைத் தீர்மானிப்பது வீடும் அதைச் சுற்றிய சுமார் 30 மீட்டரும்தான். அது பெரும்பாலும் தனியார் நிலம். கூட்டாட்சி வனத்துறையின் கை அங்கே நேரடியாக எட்டாது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உள்ளூர் ஆட்சி, தீயணைப்புத்துறை, மாநில வன அமைப்பு ஆகிய மூன்றும் ஒப்புக்கொண்டு ஊருக்கான தீப்பாதுகாப்புத் திட்டத்தை வகுக்கலாம். 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டம் காட்டுத்தீ ஆபத்துள்ள ஊர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் 100 கோடி டாலர் மானியத்தை ஒதுக்கியது. திட்டம் தீட்ட 10 விழுக்காடும், செயல்படுத்த 25 விழுக்காடும் ஊரே போட வேண்டும். பின்தங்கிய ஊர்களுக்கு விலக்கு உண்டு. இருந்தும் விண்ணப்பம் எழுதவும் கணக்குக் காட்டவும் முழுநேர ஊழியர் ஒருவர்கூட இல்லாத சிற்றூருக்கு, விலக்கு மட்டும் போதுவதில்லை. மேலும், ஒருமுறை வெட்டிய புதர் சில மழைக்காலங்களில் மீண்டும் தழைத்துவிடும்; மறுபடி வெட்டும் செலவுக்கு ஊர் வேறு வழி தேட வேண்டியிருக்கும்.