பயிர்ச்செய்கைத் திட்டமிடல்: சொல் விளக்கம்

எந்தப் பயிரை, எந்தப் பகுதியில், எத்தனை ஏக்கரில், எந்த வாரத்தில் போடுவது என்று நாடு முழுவதற்கும் முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் பயிர்ச்செய்கைத் திட்டமிடல். சந்தையில் தட்டுப்பாடும் வரக்கூடாது, தேக்கமும் வரக்கூடாது. கூலி, உரம், லொறிக்காசு போக விவசாயி கையில் மிச்சமும் நிற்க வேண்டும். 'கிரொப் பிளேனிங்' என்று கூட்டங்களில் சொல்வது இதைத்தான்.

தமிழகத்தில் 'சாகுபடித் திட்டம்' என்பார்கள். சாகுபடி தெலுங்கிலிருந்து வந்த சொல். இலங்கையில் நமக்கு நெற்செய்கை, தேயிலைச் செய்கை என்று 'செய்கை' நன்றாகவே பழகியிருக்கிறது. பருவத்தை வைத்துப் போடும் 'போகத் திட்டம்' நெல்லுக்குப் பொருந்தும். குளத்து நீரைப் பார்த்து, பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் கூட்டம் வைத்தே ஏக்கரை முடிவு செய்கிறார்கள். மலையகத்தில் கந்தப்பளைப் பக்கம் மரக்கறிக்குப் பொதுக் குளமும் இல்லை, அப்படியொரு கூட்டமும் இல்லை. நுவரெலியாவில் கரட் வருடம் முழுக்க விதைபடுகிறது. ஆகவே மலையக மரக்கறிக்குப் போகக் கணக்கு உதவாது, வாரக் கணக்கு வேண்டும்.

'அளவு திட்டம் இல்லாமல் செலவழிக்கிறான்' என்கிறோம். திட்டம் என்றாலே அளவுதான். எண் இல்லாத அறிவிப்புக்கு அந்தப் பெயரே தகாது.

உதாரணத்துக்கு, கடைக்கு வாரம் 700 டன் கரட் போய்ச் சேர வேண்டும், வழியில் 30 சதவீதம் கழிவாகிறது என்று வைப்போம். பலர் 700 உடன் அதன் 30 சதவீதத்தைக் கூட்டி 910 டன் என்று எழுதிவிடுவார்கள். அதில் 30 சதவீதம் போனால் மிஞ்சுவது 637தான். 700ஐ 0.7 ஆல் வகுக்க வேண்டும். அறுவடை 1000 டன். ஏக்கருக்கு 8 டன் விளைந்தால், வாரத்துக்கு 125 ஏக்கர் முதிர வேண்டும். கரட்டுக்கு ஏறக்குறைய 100 நாள் என்பதால், 14 வாரத்துக்கு முன்பே அந்த 125 ஏக்கரிலும் விதை விழுந்திருக்க வேண்டும். லீக்ஸை விலை பார்த்துச் சில வாரம் நிலத்தில் விட்டுவைக்கலாம். கரட் அப்படியில்லை, முற்றினால் வெடிக்கும், நடுத்தண்டு கட்டைபோல் இறுகிவிடும். தரம் பிரிக்கும்போதே ஒதுக்கிவிடுவார்கள்.

திட்டம் தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். போன முறை விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் ஒரே பயிரைப் போடுவது முதலாவது. மரக்கறி மலிந்தாலும் வீட்டில் இரட்டிப்பாகச் சமைக்கமாட்டார்கள், அதனால் வரத்து கொஞ்சம் கூடினாலே தம்புள்ளை மொத்தச் சந்தையில் விலை சரிகிறது. அடுத்தது, விளைச்சல் மாறாது என்று நம்புவது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது ஏக்கருக்கு இத்தனை டன் என்ற கணக்கெல்லாம் குலைந்தது. கணக்கில் வராத நிலம் மூன்றாவது. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் மரக்கறி போடும் துண்டு நிலங்கள், காணி அவர்கள் பெயரில் இல்லாததால் பதிவில் விடுபடுவதுண்டு. காணி உறுதி கேட்காமல், பயிரிடுபவர் பெயரிலேயே அவற்றைப் பதிய வேண்டும். அவர்களுடைய உழைப்பும் நாட்டின் விளைச்சல்தான்.

உருளைக்கிழங்குக்கு இன்னொன்றும் சேரும், இறக்குமதி. அதன் மீதான விசேட பண்ட வரியை நடுவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். கிழங்கு தோண்டும் நேரத்தில் கூட்டினால், குறைந்த வரியில் வந்திறங்கிய கிழங்கு அதற்குள் களஞ்சியங்களை நிரப்பியிருக்கும்.