ஹாப்டிக்: கை அறியும் தரத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

கைப்பேசிக் கடைகளில் காட்சிக்காக வைக்கப்படும் ‘டம்மி’யை ஒருமுறையேனும் கையில் எடுத்தவர்களுக்கு, இக்கட்டுரை எதைப் பற்றியது என்பது உடனே விளங்கும். நிறம், ஓரத்து வளைவு, பின்புறக் கேமரா வட்டங்கள், திரையில் ஒட்டிய படம் என எல்லாமே அசலைப் போலவே இருக்கும். இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் எடுத்த கணத்திலேயே கை வேண்டியதைவிட மேலே எழும்பிவிடும். கண் சொன்ன எடைக்காகத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்ட கைக்கு, அந்த எடை கிடைப்பதில்லை. நகத்தால் தட்டினால் உள்ளே ஒன்றுமில்லை என்று ஓசையும் சொல்லிவிடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எந்த விவரத்தையும் படிக்காமல், கண்ணும் காதும் கையும் சேர்ந்து ஒரு நொடிக்குள் சொல்லிவிடுகிற இந்தத் தீர்ப்பில் கையின் பங்கைக் குறிக்கும் கலைச்சொல்தான் ‘ஹாப்டிக்’.

இன்று இச்சொல் தமிழில் பெரும்பாலும் சுருங்கிய பொருளிலேயே வழங்குகிறது. கைப்பேசிகளை மதிப்பிட்டுப் பேசுவோர் “ஹாப்டிக்ஸ் நன்றாக இருக்கிறது” என்று சொன்னால், உள்ளே இருக்கும் அதிர்வு மோட்டாரைச் சொல்கிறார்கள் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். அதனால் ‘அதிர்வு’ என்றே மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது போதாது என்பது என் உறுதியான கருத்து. அதிர்வு என்பது கருவி செய்வது. ஹாப்டிக் என்பது கை அறிவது. செய்பவருக்கும் அறிபவருக்கும் ஒரே பெயரை வைத்தால், கையில் ஏந்தும் பொருளின் தரத்தைப் பற்றித் தமிழில் தெளிவாகப் பேச வழியே இல்லாமல் போகும்.

சொல்லின் வேர் பழைய கிரேக்கத்தில் இருக்கிறது. ‘ஹாப்தெஸ்தாய்’ என்றால் தொடுதல், பற்றுதல். அதிலிருந்து வந்த ‘ஹாப்திகோஸ்’ தொட்டறிய வல்லது என்ற பொருளுடையது. கண்ணுக்கு ‘ஆப்டிக்ஸ்’, காதுக்கு ‘அகூஸ்டிக்ஸ்’ என இரண்டு துறைப்பெயர்கள் இருக்கையில் தொடுதலுக்கு அப்படி ஒன்று இல்லையே என்ற குறையைத் தீர்க்க, ஜெர்மானியச் சிந்தனையாளர் மாக்ஸ் டெஸ்ஸுவார் 1892-இல் ‘ஹாப்டிக்’ என்ற பெயரை முன்மொழிந்தார். ஆகவே இச்சொல் பிறந்தபோது மோட்டாருக்கும் கைப்பேசிக்கும் அதில் இடமே இல்லை. பார்வை, கேள்வி ஆகியவற்றுக்கு இணையாகத் தொடுதலையும் ஓர் அறிவுத் துறையாக உட்கார வைப்பதே அதன் நோக்கமாக இருந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அந்தக் கிரேக்க வினையின் அடிப்படை வடிவமான ‘ஹாப்தோ’வுக்குப் பிணைத்தல், தீ மூட்டுதல் என்று இரு பொருள்கள் உண்டு. தமிழில் ‘பற்று’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கையைப் பற்றுகிறோம், தீயும் பற்றுகிறது, விளக்கைப் பற்றவைக்கிறோம். இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒன்றை ஒன்று தொட்டு ஒட்டிக்கொள்வதைக் கண்ட இரு மக்கள், ஒரே வழியில் பொருளை விரித்திருக்கிறார்கள் என்பது மட்டுமே இதில் உள்ள செய்தி.

இனி நம் கையிருப்புக்கு வருவோம். “கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்” என்ற குறளடியில் ஒவ்வொரு புலனுக்கும் ஒரு வினை அமைந்திருக்கிறது: காணுதல், கேட்டல், உண்ணல், உயிர்த்தல் (அதாவது முகர்தல்), உறுதல். இங்கே மெய்யின் வினை ‘தொடு’ அன்று, ‘உறு’ என்பதைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பிய மரபியலும் “ஒன்றறி வதுவே உற்றறி வதுவே” என்று தொடங்கி, உயிர்களுக்கெல்லாம் முதலாவதாக வாய்த்த அறிவு உற்றறிவே என்று வைத்து, நா, மூக்கு, கண், செவி, மனம் என்று ஏறிச் செல்கிறது. “சுவைஒளி ஊறுஓசை நாற்றம்” என்னும் குறளில் வரும் ‘ஊறு’ அதே வேரின் பெயர்ச்சொல். உறவு, உறுதி என்று நாம் நாள்தோறும் புழங்கும் சொற்களும் இந்த வேரில் கிளைத்தவையே; நல்ல கருவியைக் கையில் எடுத்தவர் “உறுதியாக இருக்கிறது” என்று சொல்லும்போது, தம்மை அறியாமலே சரியான வேரைத் தொட்டுவிடுகிறார்.

ஆனால் தொட்டறிவது ஒரே செயலன்று. சூசன் லெடர்மன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொருளைப் பற்றி எதை அறிய விரும்புகிறோமோ அதற்கேற்பக் கை தன் அசைவை மாற்றிக்கொள்கிறது என்று காட்டினார்கள். சொரசொரப்பை அறிய விரல் பக்கவாட்டில் தேய்க்கிறது. கடினத்தை அறிய அழுத்துகிறது. குளிர்ச்சியை அறிய அசையாமல் தங்குகிறது. எடையை அறிய ஏந்துகிறது. பருமனை அறியப் பொத்திப் பிடிக்கிறது. நுணுக்கமான வடிவத்தை அறிய விளிம்போடு ஓடுகிறது. இவற்றுக்கெல்லாம் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை: தடவிப் பார்க்கிறோம், அழுத்திப் பார்க்கிறோம், தொட்டுப் பார்க்கிறோம், தூக்கிப் பார்க்கிறோம். புதிதாகக் கைப்பேசி வாங்குபவரின் கட்டைவிரலைக் கவனித்தால், கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்தில் அது மேலும் கீழும் ஓடுவதைக் காணலாம். அங்கே மயிரிழை அளவு மேடு தட்டினாலும், ஏனென்று சொல்லத் தெரியாமலே அவர் முகம் மாறும்.

மேலே சொன்ன வினைகள் எல்லாவற்றின் வாலிலும் ‘பார்’ ஒட்டிக்கொண்டிருப்பதும் தற்செயல் அன்று. பானையைத் தட்டிப் பார்க்கிறோம், வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிறோம், பூவை முகர்ந்து பார்க்கிறோம். எந்தப் புலனால் சோதித்தாலும் அதைப் ‘பார்த்தல்’ என்றே முடிக்கிற நம் வழக்கு, சோதனையில் கண்ணுக்கு இருக்கும் தலைமையை இலக்கணத்திலேயே பதித்து வைத்திருக்கிறது. அந்தத் தலைமையை ஆய்வகமும் கண்டிருக்கிறது. ராக், விக்டர் என்ற இருவர் 1964-இல் நடத்திய சோதனையில், ஒரு பக்கத்தைச் சுருக்கிக் காட்டும் லென்ஸ் வழியாகச் சதுரத் துண்டு ஒன்றைப் பார்த்தபடியே, தம் கை தமக்குத் தெரியாதவாறு துணிக்கடியில் அதைப் பிடித்தவர்கள், கையில் இருப்பது நீள்சதுரம் என்றே கூறினார்கள். கையில் இருந்த உண்மையைக் கண்ணின் பிழை விழுங்கிவிட்டது. எனினும் கண் எப்போதுமே வெல்வதில்லை. பார்வை மங்கலாக்கப்பட்டால் மூளை கையின் சொல்லுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறது என்பதையும், எந்தப் புலன் அப்போது நம்பத் தக்கதோ அதற்கேற்பவே கணக்குப் போடுகிறது என்பதையும் ஏர்ன்ஸ்ட், பேங்க்ஸ் ஆகியோர் 2002-இல் அளந்து காட்டினார்கள்.

எடையிலும் கண் தலையிடுகிறது. ஒரே எடையுள்ள இரு பொருள்களில் பெரியதே இலேசாகத் தோன்றும் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்பான்தியே 1891-இல் விளக்கினார். சின்ன டப்பா ஒன்றிலும் பெரிய டப்பா ஒன்றிலும் மொத்த எடை ஒத்திருக்குமாறு அரிசியை நிரப்பித் தூக்கினால் வீட்டிலேயே இதை உணரலாம். கண் பெரியதற்குப் பெரிய எடையை எதிர்பார்க்கிறது. எதிர்பார்ப்பு பொய்க்கும்போது கை அதை ‘வெறுமை’ என்று படிக்கிறது. டம்மி நம்மைத் துணுக்குறச் செய்வதும் இதனால்தான்.

ஆகவே கனமாக இருந்தால்தான் தரம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சாம்சங் கேலக்சி எஸ்5 2014-இல் பிளாஸ்டிக் முதுகோடு வந்தபோது, அந்த விலைக்கு இது மலிவாகத் தெரிகிறது என்ற குறை பரவலாக எழுந்தது. மறு ஆண்டு வந்த எஸ்6 கண்ணாடியும் உலோகச் சட்டமுமாக மாறியது, குறையும் அடங்கியது. எஸ்5-இன் எடை 145 கிராம், எஸ்6-இன் எடை 138 கிராம். இலேசானதே உயர்ந்ததாக உணரப்பட்டது. காரணத்தில் ஒரு பகுதி குளிர்ச்சி. அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதாரண பிளாஸ்டிக்கின் திறனைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. உள்ளங்கையின் சூட்டை அது உடனே இழுத்துக்கொள்வதால் சில்லென்று இருக்கிறது. குளிர்ந்த நாணயம் வெதுவெதுப்பான நாணயத்தைவிடக் கனமாகத் தோன்றும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஏர்ன்ஸ்ட் வேபர் பதிவு செய்திருக்கிறார். ஆக, குளிர்ச்சி தன் பங்குக்கு எடையையும் கூட்டிக் காட்டுகிறது. குளிரூட்டிய கடைக்குள் இந்தக் கணக்கு நன்றாக எடுபடும். சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் அதே உலோகச் சட்டத்தைப் பற்றினால் சுடத்தான் செய்யும்.

செவியின் பங்கு இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை, ஆனால் எனக்கு அதுவே மிகவும் வியப்பானது. பின்லாந்தைச் சேர்ந்த யூஸ்மாகி, ஹாரி ஆகிய இருவர் 1998-இல் வெளியிட்ட சோதனை இது: உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்க்கச் சொல்லி, அந்த ஓசையை ஒலிவாங்கியில் பிடித்து, கீச்சுப் பகுதியை மட்டும் கூட்டி, அக்கணமே அவர் காதுக்குத் திருப்பி அனுப்பினார்கள். தேய்த்தவர் தம் தோல் காகிதம் போல உலர்ந்துவிட்டதாக உணர்ந்தார். தோலில் எதுவும் மாறவில்லை. காது சொன்னதைக் கை நம்பியது. ஒரு பொத்தானை அழுத்தும்போது எழும் ‘டிக்’ ஒலி தெளிவாகவும் குறுகியதாகவும் இருந்தால் பொத்தானே இறுக்கமாகச் செய்யப்பட்டது போல விரலுக்குப் படுவதும், ‘கடக்’ என்று இழுபட்டால் ஏதோ தளர்ந்திருப்பது போலப் படுவதும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இதை நான் என் கையாலேயே கற்றேன். கீழே விழுந்த என் கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கியபோது திரை புதிதாக இருந்தது, வேகத்திலும் குறைவில்லை. ஆனால் உள்ளே அதிர்வு மோட்டார் சரியாக ஒட்டப்படவில்லை போலும். ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் ‘ர்ர்’ என்று மெல்லிய இழுப்பொலி ஒன்று ஓடியது. என் தங்கை அதை வாங்கி இரண்டு வரி தட்டச்சு செய்துவிட்டு, “அண்ணா, இது பழைய போனா?” என்று கேட்டாள். அவள் கண்முன் இருந்தது பளபளக்கும் புதிய திரை. அதைப் பழையதாக்கியது, நின்றிருக்க வேண்டிய இடத்தில் நிற்காத ஓர் ஓசையும் அதிர்வும் மட்டுமே. நம் தோலின் ஆழத்தில் உள்ள பச்சினி நுண்ணுறுப்புகள் நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளை மிகக் கூர்மையாக அறிபவை. அவற்றிடம் அரைகுறை வேலையை மறைக்க முடியாது. எடை ஒருபுறம் சரிந்த சக்கரத்தைச் சுழற்றும் மலிவான மோட்டார் வேகம் பிடிக்கவும் அடங்கவும் நேரம் எடுப்பதால் உறுமல் போலவும், வில்லில் முன்னும் பின்னும் துள்ளும் நேர்கோட்டு மோட்டார் உடனே தொடங்கி உடனே நிற்பதால் சொடுக்குப் போலவும் தோன்றுவது இதனால்தான்.

அந்தச் சொடுக்கு எவ்வளவு தூரம் நம்பவைக்கும் என்பதற்கு ஐபோன் 7 நல்ல சான்று. 2016-இல் வந்த அந்தக் கருவியில் முகப்புப் பொத்தான் கீழே இறங்குவதில்லை. அழுத்தத்தை உணர்ந்து உள்ளிருக்கும் மோட்டார் ஒரு துடிப்பை அனுப்புகிறது, விரல் அதை ‘இறங்கியது’ என்று படிக்கிறது. கருவியை அணைத்துவிட்டு அதே இடத்தை அழுத்தினால், வெறும் கண்ணாடியைத் தொடுவது போலச் செத்துக் கிடக்கும். இங்கே நடந்ததை ‘அதிர்வு’ என்று சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும். பயனர் அதிர்வை உணரவே இல்லை, ஒரு பொத்தானை உணர்ந்தார்.

அப்படியானால் எந்தச் சொல் பொருந்தும்? ‘தொடு’ என்று தொடங்கும் ஆக்கங்கள் எளியவை, எல்லாருக்கும் விளங்குபவை. ஆனால் ‘தொடுதிரை’ நிலைத்துவிட்டபின், ‘தொடு’ என்பது கருவிக்கு நாம் தரும் உள்ளீட்டையே முதலில் நினைவூட்டுகிறது. நமக்குக் கருவி தருவதைச் சொல்ல அதே சொல்லைப் பயன்படுத்தினால் எத்திசையில் பேசுகிறோம் என்பது மயங்கும். ‘ஊறு’ பழமையானது, துல்லியமானது. எனினும் இன்று ‘ஊறு விளைவித்தல்’ என்று தீங்கின் பொருளிலேயே அது வழங்குகிறது. ‘ஊற்றுணர்வு’ என்று தொடராக்கினாலோ நீரூற்று முன்னால் வந்து நிற்கிறது. ‘உற்றறிவு’ மிக அழகியது, ஆனால் துறைப்பெயராக்கி ‘உற்றறிவியல்’ என்றால் ‘உற்ற அறிவியல்’ என்று பிரித்துப் படிக்க இடமுண்டு.

ஆகவே ‘உற்றுணர்’ என்ற அடியையே நான் பரிந்துரைக்கிறேன். ஹாப்டிக் புலனுக்கு உற்றுணர்வு, துறைக்கு உற்றுணரியல், ஹாப்டிக் ஃபீட்பேக் என்பதற்கு உற்றுணர் பதில். இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்று உண்டு. ‘உற்றுப் பார்த்தான்’, ‘உற்றுக் கேட்டாள்’ என்று சொல்லும்போதும் அதே ‘உறு’தான் வருகிறது, கண்ணும் காதும் கூர்மையாகும்போது அவை பொருளைச் சென்று தொடுவதாகவே தமிழ் கருதியிருக்கிறது. கையின் அறிவு கண்ணையும் காதையும் விட்டு நிற்பதில்லை என்று மேற்சொன்ன சோதனைகள் காட்டியது, இந்தச் சொல்லுக்குள் முன்பே அமைந்திருக்கிறது. இம்மூன்றும் கூடி மனத்தில் உண்டாக்கும் மதிப்பை, சுடுநீர், தொடுதிரை போன்ற வினைத்தொகையாக ‘உணர்தரம்’ எனலாம். அளவுகோலால் அளக்கும் தரத்திலிருந்து அதைப் பிரித்துப் பேச இது உதவும்.

‘அதிர்வு’ என்ற சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. அமைதி முறையில் அழைப்பு வரும்போது மேசைமேல் கைப்பேசி நகர்ந்துகொண்டே உறுமுகிறதே, அது அதிர்வுதான். அமைப்புகள் பட்டியலில் அந்த வரிக்கு அதே பெயர் இருக்கட்டும். விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தையும் தட்டும்போது விரல்நுனியில் எழுகிற அந்தச் சிறு துடிப்புக்கு உரிய வரியில் மட்டும் ‘உற்றுணர் பதில்’ என்று எழுதினால் போதும்.