போன் தொலைஞ்சு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது

மதுரையில 14 வருஷமா மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். போன வாரம் சாயங்காலம் காலேஜ் படிக்கிற ஒரு தங்கச்சி அம்மாவோட வந்துச்சு, மாட்டுத்தாவணியில பஸ் ஏறுற நெரிசல்ல போன் போயிடுச்சு. ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்குற அடையாள நம்பர்) இருக்காம்மா, பில் இருக்கான்னு கேட்டேன். போட்டோ எடுத்து வச்சிருக்கேண்ணா, அந்தப் போன்லயேன்னு சொல்லுச்சு. பாக்ஸ்? வீடு மாத்தும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டாச்சாம். இன்னும் 5 மாசம் இஎம்ஐ பாக்கின்னு அம்மா சொன்னப்ப எனக்கே மனசு கஷ்டமாயிடுச்சு.

நல்லவேளையா ஜிமெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இருந்துச்சு. கூகுள்ல போன் தேடுற பக்கத்துக்குப் போய் முதல்ல போன லாக் பண்ணோம், அதே பக்கத்துல போன் பேருக்குப் பக்கத்துல இருக்குற குறிய தொட்டா ஐஎம்இஐ நம்பரும் வரும், இது நிறைய பேருக்குத் தெரியல.

அந்த 15 இலக்க நம்பர் எதுக்குன்னா, தொலைஞ்ச போன பிளாக் பண்றதுக்குன்னு மத்திய அரசு வச்சிருக்குற சிஇஐஆர் வெப்சைட்ல அத பிளாக் பண்ணலாம். 2019ல மும்பையிலயும் டெல்லியிலயும் சோதனையா ஆரம்பிச்சு, 2023 மே மாசம் சஞ்சார் சாத்திங்கிற அரசு வெப்சைட் வந்தப்ப நாடு முழுக்க கொண்டு வந்தாங்க. பிளாக் ஆயிட்டா எந்தக் கம்பெனி சிம்ம போட்டாலும் டவர் எடுக்காது, யாராவது சிம் போட்டுப் பாத்தாங்கன்னா அந்தத் தகவல் போலீசுக்குப் போகும். இதுக்கு ஸ்டேஷன்ல குடுத்த புகார் காப்பி வேணும், அதே நம்பர்ல டூப்ளிகேட் சிம்மும் வேணும், ஏன்னா ஓடிபி அதுக்குத்தான் வரும். இங்கதான் முக்கால்வாசி பேர் தடுமாறுறாங்க, புது சிம் போட்டதும் எஸ்எம்எஸ் வர 24 மணி நேரம் வரைக்கும் ஆகும், அதுக்குள்ள ஓடிபி வரலையேன்னு வெறுத்துப்போய் அப்படியே விட்டுடுறாங்க. தயவுசெஞ்சு மறுநாள் திரும்பப் போடுங்க. அங்க குடுக்குற ரிக்வெஸ்ட் ஐடியையும் எழுதி வச்சுக்கோங்க, போன் கிடைச்சா அன்பிளாக் பண்ண அது வேணும்.

கம்பெனிக்காரங்களும் சும்மா இல்ல. ஐபோன்ல ஓனரோட ஆப்பிள் பாஸ்வேர்டு இல்லாம தொறக்க விடாத ஆக்டிவேஷன் லாக் 2013லயே வந்துச்சு, ஆண்ட்ராய்டுல ரீசெட் பண்ணாலும் பழைய கூகுள் அக்கவுண்ட கேக்குற எஃப்ஆர்பி லாக் 2015ல. இது எவ்வளவு வேலை செய்யுதுன்னு எங்க கவுண்டர்ல நின்னா தெரியும். பாட்டர்ன் மறந்துட்டேண்ணே, எடுத்துக் குடுங்கன்னு பசங்க வருவாங்க, போன்ல இருக்குற மெயில்ல முதல் எழுத்து என்னன்னு கேட்டா முழிப்பாங்க. பில் இல்லாம நான் தொடறதில்ல. ஐஎம்இஐய மாத்திக் குடுக்குறவங்களும் இருக்காங்க, 2023 டெலிகாம் சட்டப்படி அதுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம்.

ஆனா ஒரு ஓட்டை இன்னும் அடைபடல. பிளாக் பண்ண போன்லயும் வைஃபை ஓடும், டிஸ்ப்ளே, கேமரான்னு பிரிச்சு வித்தா காசு வரும். ஐபோனோட ஐஓஎஸ் 18 சாஃப்ட்வேர்ல ஆப்பிள் அந்த ஆக்டிவேஷன் லாக்க பார்ட்ஸுக்கும் கொண்டு வந்திருக்கு, எல்லாக் கம்பெனியும் இத செய்யணும்னு நான் நினைக்கிறேன், பார்ட்ஸுக்கு விலை இருக்குற வரைக்கும் திருட்டு நிக்காது.

இன்னொன்னு, போன் போன கொஞ்ச நாள்ல உங்க போன் கிடைச்சிருக்கு, லொகேஷன் பாக்க லிங்க்க தொடுங்கன்னு மெசேஜ் வரும். அது போன் வச்சிருக்குறவன் அனுப்புறது. பாஸ்வேர்ட போட்டீங்கன்னா லாக்க நீங்களே தொறந்து விட்ட மாதிரி. இப்படி ஏமாந்து அழுதவங்கள நானே பாத்திருக்கேன்.

செகண்ட்ஸ் போன் வாங்குறவங்க காசு குடுக்குறதுக்கு முன்னாடி கேஒய்எம்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி, ஒரு இடம் விட்டு ஐஎம்இஐ நம்பர போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, பிளாக் ஆன போனான்னு பாருங்க. உங்க போன்ல ஆண்ட்ராய்டு 10ஓ அதுக்கு மேலயோ இருந்தா செட்டிங்ஸ்ல கூகுளுக்குள்ள தெஃப்ட் ப்ரொடெக்‌ஷன்னு தேடி ஆன் பண்ணிடுங்க, கையில இருந்து பிடுங்கிட்டு ஓடினா தானா லாக் ஆகும்.

அந்தப் பொண்ணு போன் மறுநாளே பிளாக் ஆயிடுச்சு, இன்னும் கிடைக்கல. அன்னைக்குக் கிளம்பும்போது அந்த அம்மா தன்னோட பட்டன் போன நீட்டி, இதுக்கும் அந்த நம்பர் இருக்கா தம்பின்னு கேட்டாங்க. *#06# போட்டேன், ரெண்டு சிம் போன்ங்கிறதால ரெண்டு நம்பர் வந்துச்சு. மளிகைக் கணக்கு நோட்ட எடுத்து ரெண்டையும் எழுதிக்கிட்டாங்க.